கூப்பிட்டதும் திரும்பினாள்

எங்கள் தெருவில் யாரும் மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. எல்லாம் மாவு மில்லின் உபயம். காலை எட்டு மணிக்கு மோட்டாரைப் போட்டால் மதியம் ஒரு மணிக்குத்தான் நிற்கும். மறுபடி மூன்று மணிக்கு ஆரம்பித்து விளக்கு வைக்கும் நேரம்வரை ஓடும். மில்லுக்கு எதிர்வீடு எங்களுடையது. அம்மா தையல் மிஷினை ஜன்னலோரம் போட்டிருந்தாள். துணி கொடுக்க வருகிற பெண்கள் தங்கள் இடுப்பளவைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திச் சொல்ல வேண்டியிருக்கும். வெட்கப்பட்டு மெதுவாகச் சொன்னவர்களுக்குச் சட்டை பொருந்தாமல் போனதுண்டு. அதற்கு அம்மா பொறுப்பேற்க மாட்டாள். மில்லைக் கைகாட்டிவிடுவாள்.

மில்லுக்குள்ளே கத்தினாலும் பலன் கிடையாது. அங்கே கைதான் பேசும். மில் மாமா இரண்டு விரலைத் தேய்த்துக் காட்டினால் மாவு இன்னும் நைசாக வேண்டுமா என்று கேட்கிறார். உள்ளங்கையை விரித்தால் மோட்டாரை நிறுத்து. புறங்கையால் நெற்றியில் தட்டிக்கொண்டால், வந்திருக்கிற ஆள் தொணதொணப்பு, முதலில் அரைத்து அனுப்பித் தொலை. இந்தக் கடைசி ஜாடையைப் பார்க்கும்போதெல்லாம் மில் அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். மாமா, அத்தை இரண்டு பேரும் காதில் பஞ்சு அடைத்திருப்பார்கள். சத்தத்துக்கும் ஆச்சு, மாவுத் தூசிக்கும் ஆச்சு. அவர்களுடைய ஒரே மகளும் மில்லுக்குள் வந்தால் பஞ்சு அடைத்துக்கொள்வாள். அந்த வீட்டில் பஞ்சு செருப்பு மாதிரி, வாசலில் வைத்திருக்கும் சாமான்.

அவளுக்கு வீட்டில் குட்டி என்று பேர். பள்ளிக்கூடத்தில் மாவு. எவ்வளவு தேய்த்துத் தலை வாரினாலும் வகிட்டில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். எனக்கு நெட்டை என்று பேர். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நடந்தால் எண்ணில் பத்து மாதிரி இருக்கும் என்று என் அப்பா சொல்வார். நான் ஒன்று, அவள் சைபர்.

மூன்றாம் வகுப்புப் பரீட்சை முடிந்த லீவில் அவளுக்கு அம்மை மாதிரி ஒரு ஜுரம் வந்தது. பதினைந்து நாள் படுத்திருந்தாள். எழுந்தபோது இரண்டு காதிலும் சீழ். அத்தை எண்ணெய் காய்ச்சி விட்டாள். பஞ்சு வைத்தாள். சீழ் நின்ற மாதிரி இருந்தது, மறுபடி வந்தது, மறுபடி நின்றது. சின்னப் பிள்ளைகளுக்குக் காது வடிவது அந்தத் தெருவில் மூக்கு ஒழுகுகிற மாதிரிதான். வாடை ஏதாவது இருந்தாலும் மிளகாய் அரைக்கிற இடத்தில் யாருக்குத் தெரியப்போகிறது?

நான்காம் வகுப்பு தொடங்கி ஒரு வாரம் இருக்கும். குழாயடியில் நின்று அவள் காதுப் பக்கம் குனிந்து, "ஹெட்மாஸ்டர் பேன்ட் பின்னாடி கிழிஞ்சிருக்கு, பாத்தியா?" என்றேன். அவள் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "பாவம்" என்றாள். நான் அதையே திருப்பிச் சொன்னேன். அதற்கும், "பாவம்ல?" என்றாள். கிண்டல் பண்ணுகிறாள் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. கையை உதறிவிட்டு நடந்தேன். பின்னாலேயே ஓடிவந்து என் பாவாடையைப் பிடித்தாள்.

"ஏய் நெட்டை, கோவப்படாத. எனக்குக் கேக்கல."

"என்ன கேக்கல?"

"வாயக் காட்டிப் பேசு. இந்தப் பக்கம் சுத்தமா ஒண்ணுமே இல்ல. அந்தப் பக்கம், யாரோ கிணத்துக்குள்ள நின்னு பேசற மாதிரி இருக்கு. ஜுரம் வந்ததிலேருந்து அப்படித்தான்."

"அத்தைகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா டமாரம்னு கூப்பிடுவாங்க."

டமாரம் என்பது மில்லில் மூட்டை தூக்குகிற ஆளின் பேர். சொந்தப் பேர் அவருக்கே ஞாபகம் இருந்திருக்காது. அவர் மூட்டையோடு போகும்போது பையன்கள் பின்னால் நடந்துகொண்டே கெட்ட வார்த்தையாகச் சொல்வார்கள். அவர் திரும்பிப் பார்த்தால் நல்ல பிள்ளைகள் மாதிரி வணக்கம் வைப்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டு பதிலுக்கு வணக்கம் வைப்பார். நானும் சிரித்திருக்கிறேன். குட்டியும் சிரித்திருக்கிறாள், ஜுரத்துக்கு முன்னால்.

"அப்புறம் ஸ்கூலுக்கு அனுப்ப மாட்டாங்க. மில்லுல உக்கார வச்சிடுவாங்க. நீ மட்டும் பெரிய ஸ்கூலுக்குப் பஸ்ல போவ," என்றாள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு. உங்கம்மா மேல பண்ணு."

பண்ணினேன். அம்மா மேல் சத்தியம் என்பது எனக்குச் சாதாரண விஷயமில்லை. ஒருநாள் அம்மாவிடம் இதைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தபடி ஜன்னலோரம் நின்றிருந்தேன். அந்த நேரம் பார்த்து மிஷின் ஊசி அம்மாவின் விரலில் ஏறிவிட்டது. யோசித்ததற்கே இப்படி என்றால் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதோடு அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன்.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு வந்தது. பெஞ்சுக்கு அடியில் என் முழங்காலால் அவள் முழங்காலை ஒரு தடவை அழுத்தினால் எழுந்து நில், டீச்சர் உன்னைத்தான் கேட்கிறார். இரண்டு தடவை அழுத்தினால் பின்னால் பார், யாரோ கூப்பிடுகிறார்கள். பதிலை நான் பெஞ்சுப் பலகையில் விரலால் எழுதுவேன். சொல்வதை எழுதும் நேரத்தில் என் நோட்டை அவள் பக்கம் சாய்த்து வைப்பேன். அந்த வருஷம் அவளுக்கும் எனக்கும் ஒரே மார்க். என் பிழைகளும் அவள் பிழைகளும் ஒன்று. டீச்சர் இதைக் கண்டுகொள்ளவில்லை. ஐம்பத்தெட்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் எதைத்தான் கண்டுகொள்வார்?

இதையெல்லாம் நான் இரக்கத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பாதி அப்படித்தான். மீதிப் பாதி எனக்கு அது பிடித்திருந்தது. ஒரு பெண் நான் இல்லாமல் உட்காரவும் மாட்டாள், எழுந்திருக்கவும் மாட்டாள் என்பது ஒன்பது வயதில் லேசான பெருமையா? நான் ஒருநாள் லீவு போட்டால் அவளும் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வாள். "இதுங்க ரெண்டும் ஒட்டிப் பொறந்த வாழப்பழம்," என்று அத்தை எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

மழை பெய்தால் மட்டும் அவளுக்குக் கொண்டாட்டம். எங்கள் வகுப்புக்குத் தகரக் கூரை. மழை வலுத்துவிட்டால் டீச்சர் பேசுவது யாருக்கும் கேட்காது. வாய் அசையும், அவ்வளவுதான். எல்லோரும் முழித்துக்கொண்டிருப்பார்கள். குட்டி ஒருத்திதான் வாயைப் பார்த்தே புரிந்துகொண்டு கையைத் தூக்குவாள். டீச்சர் அசந்துபோவார். மற்ற நாட்களில், "காது செவிடா உனக்கு?" என்று எல்லோரையும் திட்டுகிற மாதிரி அவளையும் திட்டுவார். அத்தையும் வீட்டில் அதையே சொல்லித் திட்டுவாள். யாரும் அதை நிஜமாக நினைத்துச் சொன்னதில்லை.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

மாதத்தில் ஒருநாள் மில்லில் கல் கொத்துவார்கள். அரைத்து அரைத்து வழுவழுப்பாகிப்போன கல்லைக் கழற்றி எடுத்து, உளியால் மறுபடி சொரசொரப்பாக்க வேண்டும். அன்றைக்கு மோட்டார் ஓடாது. தெருவே அசாதாரணமாக இருக்கும். காக்கை கத்துவது கேட்கும். எங்கள் வீட்டுக் குழாய் சொட்டுவதுகூடக் கேட்கும். மில் மாமா மேற்கல்லைச் சாய்த்து நிறுத்தி, மூக்கில் தூசி ஏறாமல் துணியைச் சுற்றிக்கொண்டு கொத்திக்கொண்டிருந்தார். நானும் குட்டியும் தரையில் எதிரெதிராக உட்கார்ந்து, நடுவில் ஒரு தட்டில் கோதுமையைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தோம். அவள் முதுகுப் பக்கம் சுவரை ஒட்டிக் காலி டின்கள் அடுக்கியிருந்தன. அத்தை பெருக்கிக்கொண்டு வந்தவள் துடைப்பக் கட்டையால் அடி டின்னை இடித்துவிட்டாள். ஏழெட்டு டின்களும் மொத்தமாகச் சரிந்து விழுந்தன.

நான் உட்கார்ந்த இடத்திலேயே துள்ளிவிட்டேன். மாமா, "அய்யோ!" என்று உளியைப் போட்டுவிட்டார். குட்டி ஒரு கல்லை எடுத்து நிதானமாக ஓரத்தில் வைத்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் துள்ளினாள்.

அத்தைக்குச் சல்லடைக் கண். ஒன்றும் தப்பாது. துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். மாமாவைப் பார்த்து உள்ளங்கையை விரித்தாள். அவர் மறுபடி எடுத்த உளியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்து வாயில் விரல் வைத்தாள். குட்டிக்கு நேர் பின்னால் நாலடி தள்ளி நின்றுகொண்டாள்.

"குட்டி."

சாதாரணமாகத்தான் கூப்பிட்டாள். குட்டி கோதுமையைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"குட்டி."

இப்போது கொஞ்சம் சத்தமாக. அத்தையின் குரல் அவ்வளவு மெல்லியது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதுவரை அவள் கத்தித்தான் கேட்டிருக்கிறேன்.

"குட்டிம்மா."

மாமா மூக்கில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். என் முகம் எப்படி இருந்ததோ, குட்டி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். என்ன ஆச்சு என்று கண்ணாலேயே கேட்டாள். பெரிய பள்ளிக்கூடமும் பஸ்ஸும் டமாரமும் எங்கம்மா விரல் ரத்தமும் எனக்கு ஒன்றாக ஞாபகம் வந்தன. தட்டின் ஓரத்தில் என் முழங்கால் அவள் முழங்காலைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது.

இரண்டு தடவை அழுத்தினேன்.

குட்டி திரும்பினாள். "என்னம்மா?" என்றாள்.

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சிரித்தாள். மறுபடி துடைத்தாள்.

"ஒண்ணுமில்லடி. சும்மாதான் கூப்பிட்டேன். ரெண்டு தரம் கூப்பிட்டும் திரும்பலையா, உசிரே போயிடுச்சு எனக்கு. நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும்னு நெனச்சிட்டேன்."

"உனக்கு வேற வேலையில்ல," என்றார் மாமா. "நம்ம வீட்டுல எவனுக்கு ஒழுங்கா கேக்குது? எனக்கே அரைக் காதுதான். கல்லு பொறுக்கற புள்ளையப் போய் பயமுறுத்திக்கிட்டு."

"கூப்பிட்டா உடனே திரும்பறதுக்கென்ன? எல்லாம் அப்பன் புத்தி."

"ஆமா, நல்லதெல்லாம் உன் புத்தி."

உளிச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. அத்தை டின்களை அடுக்கினாள். எங்கள் இரண்டு பேருக்கும் ரொட்டியில் சர்க்கரை தூவிக் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றைக்குச் சாயங்காலம் குட்டி தன்னிடம் இருந்த ரப்பர் வளையல்களில் நல்லதாக ஒன்றைக் கழற்றி என் கையில் மாட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன்.

ஐந்தாம் வகுப்புக்கு வந்த டீச்சர் வெளியூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். கண்டிப்பானவர். சிரித்தால் வரி கட்ட வேண்டும் என்கிற மாதிரி இருப்பார். முதல் நாளே எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து உயரத்தின்படி உட்கார வைத்தார். குட்டி முதல் பெஞ்சு. நான் கடைசி பெஞ்சு. நடுவில் ஏழு பெஞ்சு. பெஞ்சு மாறும்போது அவள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள்.

முதலில் ஒன்றும் மோசமில்லை. முதல் பெஞ்சு என்பதால் டீச்சரின் வாய் நன்றாகத் தெரிந்தது. ஆனால் அவர் ஓரிடத்தில் நிற்கிற ஆள் கிடையாது. போர்டைப் பார்த்துக்கொண்டே பாடம் சொல்வார். நடந்துகொண்டே கேள்வி கேட்பார். பின்னாலிருந்து கேட்டால் குட்டி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். "எவ்வளவு திமிர் பாரு," என்று டீச்சர் அவளை வெளியே நிறுத்துவார். மழைக்காலம் வருவதற்குள் இன்னொரு காதிலும் கிணற்றுக் குரல் நின்றுபோய்விட்டதாக என்னிடம் சொன்னாள். எந்தச் சத்தத்தில் பேசுகிறோம் என்பது அவளுக்கே தெரியாமல் போனது. மெதுவாகப் பேச வேண்டிய இடத்தில் கத்தினாள், கத்த வேண்டிய இடத்தில் முணுமுணுத்தாள். காதிலிருந்து வாடை வர ஆரம்பித்ததும் பக்கத்திலிருந்தவள் புத்தகப்பையை நடுவில் வைத்து நகர்ந்து உட்கார்ந்தாள்.

நான் என்ன செய்தேன்? கடைசி பெஞ்சில் எனக்குப் புதுசாக இரண்டு சிநேகிதிகள் கிடைத்திருந்தார்கள். அவர்களிடம் ரகசியம் பேசலாம். வாயைக் காட்டிக் காட்டிப் பேச வேண்டியதில்லை. இடைவேளையில் குட்டி வந்து என் பாவாடையைப் பிடிப்பாள். சில நாள் போவேன். சில நாள், "இரு வரேன்," என்று சொல்லிவிட்டுப் போகமாட்டேன். இதைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் கூசுகிறது.

முழுப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அது வெளியே வந்தது. டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்ததால் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துச் சொல்லச் சொல்ல, நாங்கள் எழுதிக்கொண்டிருந்தோம். ஒரு வரி முடிந்ததும் புத்தகத்தை இறக்கி எங்களைப் பார்ப்பார். அப்படிப் பார்க்கும்போது முதல் பெஞ்சில் குட்டியின் பேனா நின்றிருப்பதைக் கவனித்திருக்கிறார். புத்தகத்தை இறக்கி வைத்து ஒரு வரி சொன்னார். பேனா ஓடியது. மறுபடி முகத்தை மறைத்துச் சொன்னார். நின்றது. இறக்கினார். ஓடியது. வகுப்பு முழுக்கப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தது.

டீச்சர் எழுந்து, குட்டியைத் தாண்டி நடந்து, அவளுக்குப் பின்னால் போய் நின்றார். அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு தரம். இரண்டு தரம். மூன்றாம் தரம் கத்தினார். குட்டி நோட்டைப் பார்த்தபடி, அடுத்த வரிக்குக் காத்துக்கொண்டிருந்தாள். அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் யாருமில்லை.

பையன்கள் பக்கத்திலிருந்து, "டமாரம்டா," என்று ஒரு குரல் வந்தது. நாலைந்து பேர் சிரித்தார்கள். டீச்சர் அவர்களைத் திட்டவில்லை. குட்டியின் தலையில் கையை வைத்தார். அவள் பயந்து எழுந்து நின்று, "எழுதிட்டேன் டீச்சர், எழுதிட்டேன்," என்று பெரிய சத்தத்தில் சொன்னாள்.

மறுநாள் வேலை நாள். ஆனால் மில் ஓடவில்லை. மாமாவும் அத்தையும் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். அதற்கடுத்த நாளும் ஓடவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அத்தை எங்கள் ஜன்னலுக்கு வெளியே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா தைப்பதை நிறுத்தினாள்.

"என்ன சொன்னாங்க?"

"சீழ் உள்ள போயி எலும்ப அரிச்சிருக்காம். பஞ்ச வச்சு அடைச்சு அடைச்சு நாமளே உள்ள தள்ளியிருக்கோம்ங்கறாரு டாக்டர். நரம்பும் போச்சாம். ஆபரேஷன் பண்ணி சீழ எடுக்கலாம், உசிருக்கு ஆபத்து வராது. போனது போனதுதான், காது திரும்பி வராதாம்."

"காது மிஷின் வச்சா?"

"எதுவோ கொஞ்சம் கேக்குமாம். சத்தம் வருதுன்னு மட்டும் தெரியுமாம். பேச்சு புரியாதாம்." அத்தை நெற்றியைக் கம்பியில் வைத்துக்கொண்டாள். "போன வருஷமே கூட்டிட்டு வந்திருந்தா மருந்துலயே நின்னிருக்கும்னு சொல்றாரு. போன வருஷம் என்ன பண்ணிட்டு இருந்தீங்கன்னு கேக்கறாரு. நான் என்னத்த சொல்லுவேன்? மாவு அரைச்சிட்டு இருந்தேன்னா?"

நான் அம்மாவுக்குப் பின்னால், பொத்தான் டப்பாவோடு நின்றுகொண்டிருந்தேன். போன வருஷம் என்றால் எந்த நாள் என்று எனக்குத் தெரியும்.

பெரிய பள்ளிக்கூடத்தில், அவளுக்குச் சொல்லிக்கொடுக்க எங்களிடம் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். காது கேட்காத பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருப்பதை ஐந்தாம் வகுப்பு டீச்சர்தான் விசாரித்துச் சொன்னார். ரயிலில் ஒரு ராத்திரி, ஒரு பகல். அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். வருஷத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்கு வரலாம். மாமா முதலில் முடியாது என்றார். "எம்பொண்ணு எங்கயும் போக வேணாம். எங்க மில்லுல எவனும் பேசறதில்ல, எல்லாம் கையிலதான். இங்கயே இருக்கட்டும்," என்று கத்தினார். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. அவள் படிக்க வேண்டும் என்று நின்றாள். அந்தப் பள்ளிக்கூடத்துச் சீருடை பச்சையும் வெள்ளையும். அம்மாதான் மூன்று ஜோடி தைத்தாள். எனக்குப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு நீலம். இரண்டும் ஒரே மிஷினில், ஒரே வாரத்தில் தைத்தவை. வளருகிற பிள்ளை என்று குட்டியின் பாவாடைக்கு அடியில் நாலு விரல் மடித்துத் தைத்திருந்தாள்.

அவள் கிளம்புவதற்கு முதல் நாள் காலை, தைத்த துணிகளை எடுத்துக்கொண்டு நான் எதிர்வீட்டுக்குப் போனேன். மில் ஓடவில்லை. உள்ளறையில் தகரப்பெட்டி திறந்திருந்தது. அத்தை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். சோப்பு, சீப்பு, இரண்டு துண்டு, மருந்து. குட்டி கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆபரேஷன் ஆன காதுகளைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

அத்தை துணிகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பெட்டியில் வைக்கவில்லை.

"இங்க வா. உக்காரு."

உட்கார்ந்தேன்.

"போன வருஷம் ஒருநாள், கல் கொத்தற அன்னிக்கு, நீங்க ரெண்டு பேரும் கோதுமை பொறுக்கிட்டு இருந்தீங்க. டின்னு விழுந்துச்சு. ஞாபகம் இருக்கா?"

தலையாட்டினேன்.

"நான் பின்னாடி நின்னு கூப்பிட்டேன். திரும்பினா. அதப் பாத்துட்டுத்தான் நான் சும்மா இருந்துட்டேன். இல்லேன்னா மறுநாளே தூக்கிட்டுப் போயிருப்பேன். ராப்பகலா இதுதான் மனசுல ஓடுது. ரெண்டு காதும் அப்பவே சரியா கேட்டிருக்காதுன்னு டாக்டர் சொல்றாரு. அப்ப எப்படி அவ திரும்பினா?"

அத்தை மடியிலிருந்த பச்சைப் பாவாடையின் மடிப்பைப் பார்த்தேன்.

"நீ அவளுக்கு எதுத்தாப்ல உக்காந்திருந்த. வருஷம் பூரா ஒரே பெஞ்சுல இருந்த. உன்னத் திட்ட மாட்டேன் கண்ணு. சும்மா சொல்லு. அவளுக்குக் கேக்கலேன்னு உனக்குத் தெரியுமா?"

அத்தையின் கண்கள் என் முகத்தை விட்டு நகரவில்லை. அதில் கோபம் துளிக்கூட இல்லை. யாராவது ஒருத்தர் தன்னோடு சேர்ந்து இதைச் சுமந்தால் போதும் என்கிற மாதிரி பார்த்தாள். எனக்குப் பத்து வயது. எங்கள் வீட்டு ஜன்னலில் அம்மாவின் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"தெரியாது அத்தை," என்றேன். "எனக்கு ஒண்ணுமே தெரியாது."

சொன்ன பிறகுதான் கட்டிலைப் பார்த்தேன். குட்டி காலாட்டுவதை நிறுத்தியிருந்தாள். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னது ஒரு எழுத்து விடாமல் அவளுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு வருஷமாக என் வாயைப் படித்துப் பழகியவள்.

அவள் கட்டிலிலிருந்து இறங்கி வந்தாள். அத்தையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"அம்மா, அன்னிக்கு எனக்குக் கேட்டுச்சும்மா," என்றாள், தேவைக்கு மேலான சத்தத்தில். "நீ குட்டின்னு கூப்பிட்டது கேட்டுச்சு. அதான் திரும்பினேன். அப்புறம்தான் கேக்காம போச்சு. அவளக் கேக்காத. அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

அத்தை அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். கட்டுப் போட்ட காதுகளுக்கு மேலே முத்தம் கொடுத்தாள். அத்தையின் தோளுக்கு மேலாகக் குட்டி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை. நான் எழுந்து வீட்டுக்கு ஓடிவிட்டேன். மறுநாள் அவள் ரயிலுக்குக் கிளம்பியபோது வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன்.

முப்பத்தொரு வருஷம் ஆகிறது. குட்டி அந்த ஊரிலேயே படித்து, அங்கேயே ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்து, கூடப் படித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். இரண்டு பிள்ளைகள். இரண்டுக்கும் நன்றாகக் காது கேட்கும். எப்போதாவது வருவாள். எனக்கு அவளுடைய கைப்பேச்சு பாதிதான் புரியும். சிரித்துக்கொள்வோம். பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்டுக்கொள்வோம். அந்தக் காலை நேரத்தைப் பற்றி அவளும் எடுத்ததில்லை, நானும் எடுத்ததில்லை.

மாமா போய்விட்டார். மில்லை விற்றுவிட்டார்கள். அத்தை அதே வீட்டின் பின்கட்டில் ஒரு அறையில் இருக்கிறாள். அம்மாவைப் பார்க்க வரும்போதெல்லாம் நான் அங்கே ஒரு எட்டுப் போய்விட்டு வருவேன். போன வாரமும் போனேன். அவளுக்கே இப்போது சரியாகக் காது கேட்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வாயைக் காட்டிப் பேச வேண்டும். என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் சொல்வதையே அன்றைக்கும் சொன்னாள்.

"அன்னிக்குக் கூட அவளுக்குக் கேட்டிருக்கு கண்ணு. நான் கூப்பிட்டதும் திரும்பினாளே. அப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருந்தா இன்னிக்கு அவ எம்பேச்சக் கேட்டிருப்பா. பெத்தவளுக்குத் தெரிய வேணாமா? நான்தான் பாக்காம விட்டுட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். அத்தை என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படிச் சொல்லாதீங்க அத்தை," என்றேன். அதற்கு மேல் எனக்கு வரவில்லை.